மணக்குடிக் காயலில் இரண்டு தூண்டில்காரர்கள்

ஓர் ஆடி மாதத்தில் கரைக்குத் திரும்பும்போது எங்கள் கட்டுமரம் கவிழ்ந்து, அதன் ஓரத்தடி என் இடது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போயிற்று. அலை கடந்து போகிறவனுக்கு அந்தக் கை வேண்டும். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மணக்குடியில் பிறந்த ஆண்பிள்ளை கடலுக்குப் போகவில்லை என்றால் ஒன்று அவன் சாமியாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் நோயாளியாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது வகையில் சேர்ந்துவிட்டேன் என்று கொஞ்ச காலம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

என் மனைவியின் அண்ணன் கதம்பல், அதாவது கயிறு திரிக்கிற தேங்காய் மட்டை, ஏற்றிப்போய்க் காயலில் ஊறப்போடும் தொழில் செய்துவந்தார். அவர் புது வள்ளம் செய்துகொண்டபோது பழையதை எனக்குத் தந்தார். அழுகிய கதம்பலின் வாடை அதன் பலகைகளில் ஊறிப்போயிருந்தது. எத்தனை தேய்த்துக் கழுவியும் போகவில்லை. காயலில் அலை கிடையாது. கழைக்கோலை ஊன்றித் தள்ளுவதற்கு வலது கையும் இடுப்பும் போதும். பழையாறு வந்து கடலைத் தொடுகிற அந்தப் பரப்பில் நான் சிறுவலை போட்டு இறாலும் மடவையும் பிடித்துப் பிழைத்தேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன், மலை எஸ்டேட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை கன்னியாகுமரி விருந்தினர் விடுதியில் வந்து தங்கியிருந்தார். அவர் மூங்கில் தூண்டில் கம்பும் பித்தளை உருளையுமாக ஒரு நாள் காலையில் எங்கள் கரையில் வந்து நின்றார். கூட வந்த விடுதி ஆள், துரைக்குக் கொடுவா வேண்டுமாம் என்றான். அதற்கு நான், கொடுவாதானே, சந்தையில் கிடைக்குமே என்று சொன்னேன். வாங்க வேண்டாமாம், அவரே பிடிக்க வேண்டுமாம்.

கொடுவா ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே வாழ்கிற மீன். பாறை இடுக்கிலும் பழைய மரக்கால்களின் அடியிலும் நிழல்போலக் கிடக்கும். கடலேற்றம் நின்று தண்ணீர் திரும்புகிற வேளையில் இரை தேடி வெளியே வரும். உயிருள்ள மடவையைக் கொக்கியில் கோத்து அதன் முகத்துக்கு முன்னே விட்டால் ஒரே விழுங்கு. அதற்குப் பிறகுதான் சங்கடம். தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். அதன் செவுள்மூடி கத்தி போன்றது, நூலையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். துரைக்கு அன்று ஒன்று கிடைத்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு படம் எடுத்துக்கொண்டார், பிறகு என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் எங்கள் தெருவில் இதுதான் பேச்சு. கூலியும் கொடுத்து மீனையும் கொடுத்துப் போகிறவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டார்கள்.

அப்படித்தான் இந்தத் தொழில் எனக்கு வந்தது. விடுதியிலிருந்து ஆள் அனுப்புவார்கள். நாகர்கோவிலிலிருந்து உத்தியோகஸ்தர்கள் வருவார்கள். விடியும் முன்னே உப்பளத்து ஓடையில் வலை வீசி, சாகாத மடவைகளாகப் பொறுக்கி, ஓலைக்கூடையில் போட்டு வள்ளத்தின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயிலில் முதல் பூசை முடித்துவிட்டுத்தான் கழைக்கோலைத் தொடுவேன். அதுவரை எந்தப் பெரிய மனிதரும் கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

மீனைப் பார்ப்பது இந்தத் தொழிலில் பாதி வேலை. வள்ளத்தில் இருக்கிற மனிதனைப் பார்ப்பது மீதிப் பாதி. சிலருக்குப் பேச்சு வேண்டும், சிலருக்கு யாரும் பேசக் கூடாது. சிலர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்த பிறகுதான் சிரிப்பார்கள். மீன் கிடைக்காத நாளில் என்னைப் பார்த்து முறைப்பவர்களும் உண்டு. கடலில் நான் கற்றுக்கொள்ளாத ஒன்றைக் காயல் எனக்குக் கற்றுக்கொடுத்தது. காத்திருக்கும்போது மனிதன் தன் உண்மையான முகத்தோடு இருக்கிறான்.

அந்தக் காலத்தில் எனக்கு நிரந்தரமாக இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

ஒருவர் நாகர்கோவில் வக்கீல். விவசாயிகளின் வழக்குகள்தான் அவருக்கு அதிகம். சைவக் குடும்பம், மீன் சாப்பிட மாட்டார், வீட்டில் அதன் வாடையும் ஆகாது. ஆனால் மீன் பிடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு மோகம். திரும்பிப் போகும்போது எங்கள் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளித்து, கொண்டுவந்த வேறு வேட்டியைக் கட்டிக்கொண்டு, கைகளை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டில் எங்கே போனதாகச் சொல்வீர்கள் என்று என் மனைவி ஒரு தடவை கேட்டாள். கட்சிக்காரனைப் பார்க்கப் போனேன் என்று சொல்வேன், கொடுவாவும் ஒரு கட்சிக்காரன்தானே என்றார்.

மற்றவர் பொதுப்பணித் துறை எஞ்சினீயர். திருவனந்தபுரத்துக்காரர், மலையாளி. நாஞ்சில் நாட்டுக் கால்வாய்களும் குளங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு நாகர்கோவிலில் தனியாகத் தங்கியிருந்தார். அதிகம் பேசமாட்டார். மீன் சாப்பிடுவதில் அவருக்கு இருந்த ஆசையை வேறு யாரிடமும் நான் கண்டதில்லை. குடம்புளி போட்டுத் தானே கறிவைப்பார். எந்தத் துண்டு எதற்கு ஆகும் என்று வள்ளத்தில் இருந்தபடியே தீர்மானித்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வேளையில் கரைக்கு வந்துவிட்டார்கள். வள்ளம் ஒன்றுதான். யாரைத் திருப்பி அனுப்புவது என்று நான் விழித்தபோது வக்கீல், இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறதே, அவர் பின்னால் இருக்கட்டும், நான் முன்னால் இருக்கிறேன் என்றார். அன்று கொடுவா வக்கீலுக்குத்தான் விழுந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்த எஞ்சினீயர் மெதுவாக, வக்கீலுக்கு வேண்டாமென்றால் எனக்குத் தரலாமே என்று கேட்டார். அதோடு அவர்களுக்குள் ஒட்டிப்போயிற்று. பிடிப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் ஒருவர். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே வந்தார்கள்.

நீதிமன்றத்தில் அவர்கள் எதிரெதிராக நிற்பதும் உண்டு. எஞ்சினீயரின் இலாகா ஒரு கால்வாயை அடைத்தால், வக்கீல் விவசாயிகளுக்காக வழக்குப் போடுவார். ஆனால் வள்ளத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. யாரும் அப்படி விதி வைக்கவில்லை, அதுவாக அமைந்தது. நானும் அது எப்போதும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

பிறகு, அப்போது திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் சூடேறியது. வக்கீல் மேடைகளில் பேசத் தொடங்கினார். மேற்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தது அந்தக் காலத்தில்தான். செய்தி வந்த சில நாட்களில் ஒரு ஞாயிறு. இருவரும் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. வழக்கத்தின் இழுப்பாக இருக்கலாம். இருவரும் தூண்டில் போட்டார்கள்.

வக்கீல் தண்ணீரைப் பார்த்தபடியே, "உங்க ஆட்கள் செய்த காரியத்தைக் கேட்டேரா?" என்றார்.

எஞ்சினீயர், "என் ஆட்களோ? வக்கீலே, நான் வாய்க்கால் வெட்டுகிறவனாக்கும். துப்பாக்கி வெடி வைக்கிறவனில்லை" என்றார்.

அவர்கள் அனுப்பும் சம்பளத்தைத்தானே நீர் வாங்குகிறீர் என்று வக்கீல் கேட்டார். அதற்கு எஞ்சினீயர் பதில் சொல்லவில்லை. ஏதாவது பதில் சொல்லியிருந்தால் சண்டையாகி முடிந்திருக்கும் என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன். அவர் பேசாமல் இருந்ததை வக்கீல் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "கரைக்குத் தள்ளு மக்கா" என்றார். நான் தள்ளினேன். அவர் இறங்கி, குளிக்காமல், வேட்டியும் மாற்றாமல், உப்பள வரப்பு வழியாக வெயிலில் நடந்து போனார். எஞ்சினீயர் தன் தூண்டிலைச் சுற்றிவைத்துவிட்டு, வள்ளத்துக்குள் கிடந்த வக்கீலின் தூண்டிலையும் நூல் சிக்காமல் சுற்றி என்னிடம் கொடுத்து, பத்திரமாக வைத்துக் கொடுத்துவிடும்படி சொன்னார்.

அதற்குப் பிறகு வக்கீல் ஞாயிற்றுக்கிழமையும் எஞ்சினீயர் சனிக்கிழமையும் வந்தார்கள். ஒரே வள்ளம், ஒரே தண்ணீர். வக்கீலுக்கு மீன் விழுந்தால் அதை என்னிடமே விட்டுவிட்டுப் போவார். எஞ்சினீயருக்கு விழுந்தால் ஒரு சின்னத் துண்டுதான் வெட்டிக்கொள்வார், தனி ஆளுக்கு அது போதும் என்று. ஒருவரும் மற்றவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால், நேற்று மீன் கடித்ததா என்று வக்கீல் கேட்பார். நாளைக்குத் தண்ணீர் எப்படி இருக்கும், ஆள் யாராவது வருகிறார்களா என்று எஞ்சினீயர் கேட்பார். நான் உள்ளதைச் சொல்வேன், கேட்காததைச் சொல்லமாட்டேன்.

எனக்கும் ஒரு பக்கம் இருந்தது, இல்லாமல் இல்லை. என் அக்காவை விழிஞ்ஞத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் பிள்ளைகள் பேசுகிற மலையாளம் எனக்கு வேற்று மொழியாகத் தோன்றியதில்லை. ஆனால் தாலுகா கச்சேரியிலிருந்து எங்கள் வீட்டு மனை பற்றி மலையாளத்தில் வந்த காகிதத்தை வாசிக்க முடியாமல் ஊர் முழுக்க அலைந்தவன் நான். வக்கீல் பேசிய கூட்டம் ஒன்றுக்கு நானும் போய் நின்றேன். அடுத்த சனிக்கிழமை எஞ்சினீயருக்கு அது தெரிந்திருந்தது.

"நீயும் போனியோ?" என்று கேட்டார்.

"போனேன் சாரே."

மடவையைக் கொக்கியில் கோத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "சரிதான். நான் உன் இடத்தில் ஆனாலும் போயிருப்பேன்" என்றார். எனக்கு அந்த வார்த்தை ஆறுதலாக இல்லை. என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மறு வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. காயலுக்கும் கடலுக்கும் நடுவே வெயில் காலத்தில் மணல் ஏறி மேடாகிவிடும். அதைப் பொழி என்போம். மழை வெள்ளம் வந்தால் பொழியை வெட்டிக் கடலுக்கு வழிவிட வேண்டும். அந்த வருஷம் வெள்ளம் முந்திக்கொண்டது. தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் பின்னால் ஏறி, மாசியில் அறுக்கிற கும்பப்பூ போகத்துக்கு நட்டிருந்த நாற்றெல்லாம் மூழ்கிப்போயின. காயலுக்கு மேலே உள்ள ஊர்களின் விவசாயிகள் மண்வெட்டிகளோடு பொழிக்கு வந்துவிட்டார்கள். அவர்களோடு வக்கீலும் வந்தார். சற்று நேரத்தில் ஜீப்பில் எஞ்சினீயரும் வந்து இறங்கினார்.

விவசாயிகள் வெட்ட நினைத்த இடம் பொழியின் ஒடுங்கிய பகுதி. சீக்கிரம் வெட்டிவிடலாம். ஆனால் அதை ஒட்டித்தான் கிழக்குக் கரைக் குடிசைகள் இருந்தன. எங்கள் சனங்கள் பெண்களும் ஆண்களுமாக வந்து குறுக்கே நின்றார்கள். எஞ்சினீயர் பார்த்துவிட்டு, இங்கே வெட்டினால் தண்ணீர் குடிசைகளின் அடிமணலைப் பறித்துக்கொண்டு போகும், மேற்கே தள்ளி வெட்டுங்கள் என்றார். மேற்கே மணல் அகலம். வெட்டி முடிக்க இன்னும் நெடுநேரம் ஆகும். அதற்குள் நாற்று அழுகிவிடும் என்று விவசாயிகள் கத்தினார்கள். கூட்டத்தில் ஒருவன், மலையாளத்தான் நம்ம வயலை அழிக்கப் பார்க்கிறான் என்றான். கையில் மண்வெட்டியோடு நிற்கிறவர்கள் மத்தியில் அந்த வார்த்தை விழுந்தது.

நான் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றார் வக்கீல். என் வள்ளத்தில் ஏறினார். எஞ்சினீயரும் ஏறினார். கழைக்கோல் ஊன்ற முடியாத வெள்ளம். கரையில் இரண்டு பேர் கயிறு பிடித்துவர, நான் ஓரமாகவே வள்ளத்தைக் கொண்டுபோனேன். தூண்டில் இல்லாமல் அவர்கள் என் வள்ளத்தில் இருந்தது அன்றுதான். எஞ்சினீயர் ஓலைத் துண்டுகளைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு, அவை குடிசைகளின் பக்கமே இழுபட்டுப் போவதைக் காட்டினார். வக்கீல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உமக்கு நிச்சயமா?" என்று கேட்டார்.

"தண்ணீர்க் காரியத்தில் நிச்சயம் உண்டு."

"மற்ற காரியத்தில்?"

"மற்ற காரியத்தில் எனக்கு ஒன்றும் நிச்சயமில்லை, வக்கீலே. உங்களுக்கு உண்டு. அது உங்கள் பாக்கியம்."

வக்கீல் இறங்கி விவசாயிகளிடம் போனார். மேடையில் பேசுகிற குரலில் பேசவில்லை. இந்த மனுஷனோடு நான் வெகுகாலம் ஒரே வள்ளத்தில் இருந்திருக்கிறேன், தெரியாததைத் தெரியும் என்று இவர் சொல்லி நான் கேட்டதில்லை, மேற்கே வெட்டுவோம் என்றார். ஒருவரும் அசையவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, பக்கத்தில் நின்றவனின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு மேற்கே நடந்தார். அவருக்கு வெட்டத் தெரியவில்லை. இரண்டாவது வெட்டிலேயே கால் விரல் தப்பித்தது அதிர்ஷ்டம். அதைப் பார்த்து ஒரு கிழவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஆட்களும் மண்வெட்டி எடுத்தார்கள்.

பொழுது சாயும் வேளையில் பொழி முறிந்தது. முதலில் ஒரு சின்ன ஓடை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்க மணலும் பாளம் பாளமாக இடிந்து விழ, காயல் முழுவதும் இரைச்சலோடு கடலுக்குள் பாய்ந்தது. குடிசைகள் தப்பின. வயல்களில் பாதி தப்பியது, பாதி அழுகியது. நான் வள்ளத்தைக் கட்டியிருந்த தென்னங்குற்றி மட்டும் கரையோடு பெயர்ந்து போயிற்று. என் வள்ளம் அந்தச் சுழிப்பில் ஒரு தடவை குறுக்கே திரும்பி, பிறகு நேராகக் கடலுக்குள் போனது. கடைசியாக அதன் பின்முனையைத்தான் கண்டேன். யார் மீதும் கோபம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் பூசையிலிருந்து திரும்பியபோது இருவரும் எங்கள் முற்றத்தில் இருந்தார்கள். சொல்லிவைத்துக்கொண்டு வரவில்லையாம். என் மனைவி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். வக்கீல், என் தோட்டத்தில் ஒரு அயினி மரம் நிற்கிறது, புது வள்ளத்துக்கு வெட்டச் சொல்லிவிட்டேன் என்றார். எஞ்சினீயர், குளச்சலில் ஆளேற்றும் கடத்து வள்ளங்கள் கட்டுகிற ஆசாரி ஒருவரைத் தெரியும், அவரிடம் பேசிவிட்டேன் என்றார். மரம் அறுத்துக் காய்ந்து, பலகை சேர்த்துக் கயிற்றால் தைத்து முடிய மாதங்கள் பிடித்தன. ஆசாரியின் வேலையைப் பார்க்க அவர்கள் தனித்தனியாக வந்து, பல தடவை சேர்ந்தே நின்றார்கள். பலகையைப் பற்றிப் பேசினார்கள். வேறொன்றும் பேசவில்லை. பழைய மாதிரி ஆகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அது ஆகவில்லை.

புது வள்ளம் தண்ணீரில் இறங்கிய அதே வருஷம் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். கோயில் மணியும் அடித்தது. எஞ்சினீயருக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் முன்னே ஒரு ஞாயிறு, அவரைக் கூட்டிக்கொண்டு வக்கீலே வந்தார். கேட்டதெல்லாம் கிடைத்த மனிதரின் முகமாக அது இல்லை. மாலை மரியாதைகளில் களைத்துப் போயிருந்தார்.

பாறை ஓரத்தில் நங்கூரக் கல்லை இறக்கினேன். இருவரும் தூண்டில் போட்டார்கள். தண்ணீர் திரும்புகிற நேரம். எஞ்சினீயர் பேசத் தொடங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எந்தக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது, எந்த மதகு இரண்டு வருஷம்கூடத் தாங்காது, எந்தக் குளத்தின் கரையில் நண்டு வளை இருக்கிறது, எந்த ஊர்க்காரர்கள் சத்தம் போடுவார்கள், எந்த ஊர்க்காரர்கள் சத்தம் போடத் தெரியாமல் தண்ணீரில்லாமல் கிடப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். புதிதாக வருகிறவர் சென்னைப் பக்கத்து ஆளாக இருப்பார், அவருக்கு இதெல்லாம் தெரிய ஒரு வெள்ளமோ ஒரு வறட்சியோ வேண்டிவரும், அதற்கு முன்னே நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றார்.

வக்கீல் முழுக்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஊர் ஊராகக் கேட்டு, திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னார். எஞ்சினீயர் திருத்தினார்.

அப்போது வக்கீலின் நூல் பக்கவாட்டில் நகர்ந்தது. முதலில் மெதுவாக, பிறகு இறுகி. கம்பின் நுனி வளைந்து நீரைத் தொட்டது. நல்ல மீன், அந்த வருஷத்திலேயே பெரியதாக இருக்கும். சாதாரண நாளில் நான் குரல் கொடுத்திருப்பேன். அதற்குத்தான் எனக்குக் கூலி. இருவரும் பார்க்கவில்லை. வக்கீல் கம்பை முழங்காலுக்கு அடியில் அமர்த்திவைத்துவிட்டு, சத்தம் போடத் தெரியாத ஒரு கடைமடை ஊரில் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தூரத்தில் கொடுவா ஒரு தடவை எழும்பித் தலையை உதறியது. நூல் தளர்ந்தது.

திரும்பும் நேரத்தில் வக்கீல் நூலைச் சுற்றினார். நுனி வெறுமையாக வந்தது. கொக்கி போயிற்றே, என்ன ஆயிற்று மக்கா என்று கேட்டார்.

"நண்டு வெட்டியிருக்கும் ஐயா" என்றேன்.

எஞ்சினீயர் நூலின் அறுந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார். நண்டு வெட்டுக்கும் கொடுவா வெட்டுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். கரையில் இறங்கியதும் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் கொஞ்ச தூரம் நடந்தார். அடுத்த வாரம் அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

புது எஞ்சினீயர் வந்தது தை மாதத்தில். வக்கீல் அவரை முதலில் கூட்டிப்போனது அந்தக் கடைமடை ஊருக்கு என்று பிறகு கேள்விப்பட்டேன். காயலுக்கு அந்த மனிதர் ஒரே ஒரு தடவைதான் வந்தார். வள்ளம் ஆடுகிறது என்று பயந்தார்.